நூற்றுப் பதினெட்டாம் சோதனை

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நூற்றுப் பதினெட்டாம் சோதனை சிவப்பாகிவிட்டது. மிரேயா பெந்தன்கோர் திட்டக்கூட இல்லை. ஒன்பது வருஷமாகத் திட்டித் திட்டி அவளுக்கு அலுத்துவிட்டது. தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கியபடியே மாத்தேத் தேயிலை போட்ட குடுவையில் வெந்நீரைச் சரித்து, குழலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேறு நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் இந்த வேலையை விட்டுப் போகிறாள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தண்ணீர் வாரியத்தில், இரண்டாம் மாடியில், குழாய் வரைபடங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். நாலு மணிக்கு மேல் அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்களாம். நேர்முகத்தில் அந்த அதிகாரி இதை ஒரு குறையைப் போலத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மிரேயாவுக்கு அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்கு முன்னால் பலீசாவின் நான்காம் பதிப்பு வெளியாகியாக வேண்டும். பலீசா, ரோபோ வண்டிகளை நடத்தும் மென்பொருள். எங்கே போவது, எதில் முட்டாமல் போவது, எப்போது நிற்பது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். விலையும் கிடையாது, பூட்டும் கிடையாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். யார் எந்த மூலையிலிருந்து ஒரு வரி திருத்தி அனுப்பினாலும், சோதனைக் கணினி மொத்தத்தையும் புதிதாகக் கட்டி, நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளையும் ஒன்றுவிடாமல் ஓட்டும். எல்லாம் தேறினால் பச்சை, ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்போடு எதுவும் வெளியே போகக் கூடாது. ஒரு வெளியீட்டைத் தொடங்கியவர் அதை முடிக்காமல் வெளியிடும் உரிமைக்கான சாவியை அடுத்தவர் கையில் கொடுக்கவும் கூடாது. இந்த இரண்டும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தின் விதிகள். இரண்டையும் எழுதியது மிரேயாதான் என்பதால் அவளால் யாரையும் நொந்துகொள்ள முடியவில்லை.

"மறுபடியும் அமுக்கு, மிரே," என்றான் இஸ்மாயேல் தெச்செரா, தலையைத் தூக்காமலே. இருபத்தொன்பது வயது. அவள் போனதும் சாவி அவன் கைக்கு வரப்போகிறது. அதற்காக நேற்றே தாடியை மழித்துக்கொண்டு வந்திருந்தான்.

"மூணு தடவையும் விழுந்திருக்கு."

"மூணுமா?" இப்போது தலையைத் தூக்கினான். "அது எப்பவும் ரெண்டாவது தடவையில தேறிடுமே."

"அதான் நானும் பாக்கறேன்."

"குண்டம்மாவுக்கு இன்னிக்கு மேலுக்கு முடியல போல. நான் வேற விளக்கப் புத்தகத்தை அதுலயே தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். இரு, அதை நிறுத்திடறேன். நீ அமுக்கு."

குண்டம்மா என்பது அறையின் மூலையில் இரைந்துகொண்டிருக்கும் சோதனைக் கணினி. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்டதை நாலு பேர் முக்கி முனகி மாடிக்குத் தூக்கி வந்தார்கள். கீழே சலவைக் கடை. அந்த ஊரில் குளிர்காலமான ஆகஸ்ட் மாதத்தில், ஆற்றுப் பக்கமிருந்து ஈரக்காற்று ஜன்னலை உலுக்கும்போது, இஸ்திரி ஆவி ஏறி இந்த அறையின் தரை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். மொந்தெவிதேயோவில் இந்த வசதி எந்தக் கம்பெனிக்கும் இல்லை என்று அவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். பெருமையடித்துக்கொள்ள வேறு அதிகம் இல்லை.

மிரேயா அமுக்கினாள். முழு ஓட்டம் முடிய ஐம்பது நிமிஷம் ஆகும்.

இந்த மூன்று தடவை விவகாரத்துக்கு ஒரு கதை உண்டு. சங்கத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு வழக்கம்: யாருடைய திருத்தத்தால் சிவப்பு விழுகிறதோ அவர் முனை பேக்கரியில் ஒரு கிலோ பிஸ்கோச்சோ வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆட்கள் கவனமாக இருந்தார்கள், சிரித்துக்கொண்டே தின்றார்கள். ஆனால் இந்த நூற்றுப் பதினெட்டு மட்டும் யாரும் எதையும் தொடாதபோதே திடீரென்று விழும். மறுபடி ஓட்டினால் எழுந்துகொள்ளும். அன்றைக்குத் திருத்தம் அனுப்பியவன் யாரோ, பாவம், அவன் தலையில் பிஸ்கோச்சோ விழும். "நான் என்ன பண்ணினேன், விளக்கப் பக்கத்துல ஒரு காற்புள்ளி திருத்தினேன்" என்று ஒருவன் மூக்கால் அழுதான். இன்னொருவன் மூன்று நாள் பேசாமலே இருந்தான். பிஸ்கோச்சோவுக்காகப் பெரியவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதைச் சகிக்க முடியாமல், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில், மிரேயா ஒரு விதி எழுதினாள். ஒரு சோதனை விழுந்தால் கணினியே இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்க்கட்டும், மூன்றில் ஒன்று தேறினால் பச்சை. விதிக்கு மேலே 'தற்காலிகம்' என்று குறிப்பும் போட்டாள். அதோடு சண்டை தீர்ந்தது. தற்காலிகத்துக்கு ஆறு வயதாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் அவள் தெரிந்த குறைகளின் பக்கத்தை எழுத உட்கார்ந்தாள். ஒவ்வொரு பதிப்போடும் அது போக வேண்டும். போன பதிப்பில் நூற்றுப் பதினெட்டைப் பற்றி 'அபூர்வமாக விழும், கணினியின் வேகக் குறைவே காரணம்' என்று ஒரு வரி இருந்தது. அதையே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். கடைசி நாள் ஆயிற்றே, அபூர்வம் என்றால் எத்தனை என்று ஒரு எண்ணாவது போட்டுவிட்டுப் போவோம் என்று தோன்றியது. விழுந்த முதல் தடவைகளைத் திரை காட்டாது, ஆனால் குண்டம்மா எதையும் தூக்கிப் போடுவதில்லை. எண்ணிச் சொல் என்று கேட்டாள்.

இருநூற்றுப் பதினொன்று.

"இஸ்மா, நூத்துப் பதினெட்டு எத்தனை தடவை விழுந்திருக்கும்னு நெனைக்கற?"

"இருபது? முப்பது?"

"இருநூத்திப் பதினொண்ணு."

"எத்தனை ஓட்டத்துல?"

"இருபத்தோராயிரத்துச் சொச்சம்."

"நூத்துக்கு ஒண்ணு," என்றான் அவன் உடனே. கணக்கில் புலி. "நம்ம ஊர் பஸ் நூத்துக்கு முப்பது தடவை நிக்காமப் போகுது. யாராவது விதி எழுதறாங்களா?"

மிரேயா சிரிக்க முயன்றாள், வரவில்லை. நூற்றுப் பதினெட்டு என்ன சோதனை என்பது அவளுக்கு மனப்பாடம், அவள் எழுதியதுதான். கணினிக்குள் ஒரு கொட்டகை. பெட்டி அடுக்குகளுக்கு நடுவே வண்டி வருகிறது. ஒரு அடுக்கின் பின்னாலிருந்து ஒரு ஆள் வெளியே வருகிறான். வண்டி அவனுக்கு அரை மீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். அந்த ஆளுக்கு முகம் கிடையாது, சாம்பல் நிறத்தில் ஒரு உருவம். ஊமையன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விழுந்த ஒவ்வொரு முறைக்கும் குண்டம்மா ஒரு சின்ன வீடியோவை வைத்திருந்தது. மிரேயா ஒன்றைத் திறந்தாள். வண்டி வந்தது, ஊமையன் வந்தான், வண்டி வேகத்தைக் குறைக்காமல் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று. இன்னொன்றைத் திறந்தாள், அதேதான். பத்துப் பன்னிரண்டு பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஊமையன் சத்தமில்லாமல் மல்லாந்து விழுந்தான். வருஷக்கணக்காக இவன் இப்படி விழுந்துகொண்டிருந்திருக்கிறான், நாம் கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தபடி வீடியோக்களை மூடினாள்.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் பிடிபட்டது. விழுந்த ஓட்டங்களிலெல்லாம் கணினி திணறிக்கொண்டிருந்தது. வண்டியின் கண்ணிலிருந்து வரும் படம் அரை நொடி தாமதமாக வந்து சேர்ந்தது. புதுப் படம் வரவில்லை என்றால் வண்டி நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. பழைய படத்தையே வைத்துக்கொண்டு பாதை காலி என்று ஓடியது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றான் இஸ்மாயேல், அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்று. "குண்டம்மாதான் காரணம். நத்தை மாதிரி கணினியை வெச்சுக்கிட்டு நிரலைக் குத்தம் சொல்லாதே."

"வண்டிக்குள்ள இருக்கற கணினி குண்டம்மாவைவிட வேகமா இருக்குமா?"

"நல்ல வண்டின்னா இருக்கும்."

"நம்ம பலீசாவை எடுத்துக்கறவன் எவன் நல்ல வண்டி வாங்கறான்? வசதி இருக்கறவன் வெல குடுத்து வேற வாங்கிடுவான்."

அவன் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

நிஜ வண்டி எதிலாவது இப்படி நடந்திருந்தால் யாராவது புகார் எழுதியிருப்பார்களே என்று மிரேயா பழைய புகார்களில் தேடினாள். எழுதாமல் இருந்திருக்க வேண்டுமே என்றுதான் தேடினாள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் தேடினாள், ஒன்றுமில்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகு ஸ்பானிஷில், 'நிற்கவில்லை' என்று போட்டாள். ஒன்றே ஒன்று வந்தது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம். மூடப்பட்ட புகார்.

'வணக்கம். நான் சால்ட்டோவில் ஆரஞ்சுக் கொட்டகையில் வேலை செய்கிறேன். வண்டியின் திரையில் உங்கள் முகவரி இருந்தது, அதனால் எழுதுகிறேன். இன்று மத்தியானம் வண்டி நிற்கவில்லை. நான் பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து வந்தேன். பார்த்து மெதுவாகத்தான் வந்தேன். அது என்னைப் பார்க்காத மாதிரி வந்தது. கணுக்கால் உடைந்துவிட்டது. கொட்டகையில் இன்னும் முப்பது பேர் நடக்கிறார்கள். தயவுசெய்து பாருங்கள். லீபெர் மச்சாடோ.' கீழே தொலைபேசி எண்.

அதற்கடியில் நாலு நாள் கழித்து அவளுடைய பதில். முழுப் பெயரோடு. 'இங்கே சோதித்துப் பார்த்தோம். நீங்கள் சொல்வதுபோல் நடக்கவில்லை. வண்டியின் லாக் கோப்பை இணைக்கவும்.'

அதற்கடியில் அவர்: 'லாக் என்றால் என்ன?'

வண்டி தன் ஓட்டத்தைப் பதிந்துவைக்கும் கோப்பு என்று யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அறுபது நாள் ஆனதும் துடைப்பம் வந்துவிட்டது. அறுபது நாளாக யாரும் பேசாத புகார்களைத் தானே மூடிவிடும் சின்ன நிரலை அவர்கள் துடைப்பம் என்பார்கள். 'நீண்ட நாட்களாகப் பேச்சில்லாததால் மூடப்படுகிறது. உங்கள் பங்களிப்புக்கு நன்றி!' ஆச்சரியக்குறி இஸ்மாயேல் போட்டது. கேட்பதற்கு இதமாக இருக்கட்டும் என்று போட்டிருந்தான்.

மிரேயாவுக்கு அந்தப் பதிலை எழுதியது கொஞ்சமும் ஞாபகமில்லை. சோதித்துப் பார்த்தோம் என்று எழுதியிருக்கிறாளே, நிஜமாகவே சோதித்தாளா? அந்தத் தேதியின் ஓட்டத்தைத் தேடி எடுத்தாள். சோதித்திருந்தாள். நூற்றுப் பதினெட்டை மட்டும் ஒரு முறை அமுக்கியிருந்தாள். திரையில் பச்சை. குண்டம்மாவின் பதிவைப் பிரித்தாள். முதல் தடவை விழுந்திருந்தது. இரண்டாம் தடவையும் விழுந்திருந்தது. மூன்றாவதில்தான் தேறியிருந்தது.

அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் களைப்பாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து இதைக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா, இஸ்மாயேல் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்புக்காக இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

மூன்று மணிக்குக் குண்டம்மா மணியடித்தது. முழுத் திரையும் பச்சை. நானூற்றுப் பன்னிரண்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

"வந்துடுச்சு!" இஸ்மாயேல் கையைத் தட்டினான். "வெளியீட்டை அமுக்கிட்டு எழுந்திரு. சாவியைக் குடு, கட்டிப்பிடிச்சு அழுதுட்டு வீட்டுக்குப் போ."

"இதைப் படி."

அவன் படித்தான். சிரிப்பு போயிற்று. மறுபடியும் ஒரு முறை படித்தான். ஆச்சரியக்குறிக்கு வந்ததும் கன்னத்தைத் தடவிக்கொண்டான், அங்கே தாடி இல்லை.

"சரி," என்றான். "மோசம்தான். ஒத்துக்கறேன். ஆனா இது போன பதிப்புலயும் இருக்கு, அதுக்கு முந்தினதுலயும் இருக்கு. இன்னிக்கு நீ வெளியிட்டாலும் உலகம் நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கும். நீ போ. நான் திங்கக்கிழமை எடுத்துப் பாக்கறேன்."

"நீ எப்படிப் பாப்ப? படம் வர்ற வழியே மொத்தமா மாத்தி எழுதணும். அது நான் எழுதினது. எனக்கே ரெண்டு மாசம் ஆகும்."

"எனக்கு ஆறு மாசம் ஆகும். ஆகட்டும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தெரிஞ்ச குறைன்னு ஒரு வரி எழுதிடலாம்." அவன் குரல் இறங்கியது. "மிரே, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. நீ ரெண்டு வருஷமா ஒழுங்காத் தூங்கல. அந்தத் தண்ணி வாரியம் ரெண்டு மாசம் உனக்காகக் காத்துக்கிட்டிருக்காது. இந்த வேலைக்கு இருநூறு பேர் விண்ணப்பம் போட்டாங்கன்னு நீதான் சொன்ன. இதை விட்டா உனக்கு வேற எதுவும் கெடைக்காது. அமுக்கு. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க."

அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. யாரும் கேட்க மாட்டார்கள். மிரேயாவின் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. எனக்கு மட்டும் என்ன வந்தது, ஒன்பது வருஷம் சுமந்தது போதாதா என்று மனசுக்குள் ஒரு குரல் கத்தியது. அந்தக் குரலோடு அவள் சண்டை போடவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

அவள் போனை எடுத்தது நல்லெண்ணத்தால் என்று சொல்ல மாட்டேன். அந்த மனிதர் ஒருவேளை, 'அதெல்லாம் எப்பவோ ஆறிப்போச்சு, எங்க முதலாளி வண்டியையே மாத்திட்டாரு' என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிவிட்டால் அமுக்கிவிட்டுப் போய்விடலாம். அந்த ஆசையில்தான் எண்ணைப் போட்டாள்.

ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் ஒலிபெருக்கி, எஞ்சின் இரைச்சல்.

"யாரு?"

"லீபெர் மச்சாடோவா? நான் மொந்தெவிதேயோவுலேர்ந்து பேசறேன்."

"லோன் எதுவும் வேணாம் எனக்கு."

"லோன் இல்ல. என் பேரு மிரேயா பெந்தன்கோர்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. 

"தெரியும்," என்றது குரல், இப்போது மெதுவாக. "உங்க பேரு எனக்கு நல்லாத் தெரியும், சென்யோரா. உங்க பேரு போட்ட காகிதத்துலதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"என்ன காகிதம்?"

"நீங்க எழுதின பதில்தான். கொட்டகை மேனேஜர் அதை அச்சடிச்சு வெச்சிருந்தாரு. 'பாருங்க மச்சாடோ, இந்த வண்டியோட மூளையைச் செஞ்சவங்களே அப்படி நடக்காதுங்கறாங்க. அப்ப நீங்கதான் போனைப் பாத்துக்கிட்டு குறுக்க வந்திருக்கீங்க' அப்படின்னாரு. என்கிட்ட அப்ப போனே கையில இல்ல, பெட்டி இருந்துச்சு. சொன்னேன். நீங்க படிச்சவங்க எழுதிட்டீங்க, நான் சொல்றது எங்க எடுபடும்? என் கவனக்குறைவுன்னு அடியில கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. பதினாலு வருஷம் அங்க இருந்தேன்."

"இப்ப?"

"பஸ் நிலையத்துல பார்சல் ஜன்னல்ல உக்காந்திருக்கேன். நிக்கற வேலை முடியாது. கால்ல ரெண்டு திருகாணி வெச்சிருக்காங்க, இந்தக் குளிருக்கு அது தனியாப் பேசுது." அவர் லேசாகச் சிரித்தார். "என் கொழுந்தியா பையன் இன்னும் அங்கதான் இருக்கான். அதே வண்டி, அதே அடுக்கு. வர்றப்ப விசிலடிச்சுக்கிட்டே வாடான்னு சொல்லி வெச்சிருக்கேன். வண்டிக்குக் காது இல்லன்னு தெரியும். இருந்தாலும்."

மிரேயா விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தாள். எடுத்ததை இஸ்மாயேல் பார்த்தான். எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"நீங்க எழுதினது நிஜம்," என்றாள். "அந்த வண்டி உங்களைப் பாக்கல. பழைய படத்தை வெச்சுக்கிட்டு வந்திருக்கு. நீங்க எப்படி நடந்து வந்திருந்தாலும் இடிச்சிருக்கும். தப்பு எங்களோடது. நான் சோதிச்சுப் பாத்தேன்னு எழுதினேனே, அது சரியான சோதனை இல்ல."

"இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?"

"இல்ல," என்றாள் மிரேயா. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு கூப்பிட்டேன்."

அதற்கு அவர் கோபப்படவில்லை. யாரோ பார்சலோடு வந்தார்கள் போல, 'அந்தத் தராசுல வைங்கம்மா' என்று சொல்வது கேட்டது. திரும்பி வந்தார்.

"வாயால சொன்னது என்னோட போயிடும், சென்யோரா. எழுதிக் குடுப்பீங்களா? அந்தக் காகிதத்துல போட்ட மாதிரியே, முழுப் பேரோட?"

"இன்னிக்கே எழுதறேன். உங்களுக்கும் அனுப்பறேன், எல்லாரும் படிக்கற எடத்துலயும் போடறேன். இந்த வண்டியை வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும், ஆளுங்க நடக்கற எடத்துல ஓட்டாதீங்கன்னு சொல்லிடறேன். புதுப் பதிப்பு இப்ப வெளிய போகாது. இதைச் சரிபண்ணிட்டுத்தான் போகும். நான் இங்கதான் இருப்பேன்."

இஸ்மாயேல் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கையை எடுத்துவிட்டு, தன் கணினியைப் பக்கத்தில் இழுத்து, அந்த 'மூன்று தடவை' விதியைத் திறந்து, அழித்தான். திரையில் பழைய ஓட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாற ஆரம்பித்தன. ஆறு வருஷத்துப் பச்சைக்கு நடுவே அங்கங்கே சிவப்பு பூத்துக்கொண்டே வந்தது. மிரேயா அதைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருந்தாள். தண்ணீர் வாரியத்துக்கு என்ன சொல்வது என்று யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. இன்றைக்குத் தூங்கிவிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் லீபெர்.

"கேளுங்க."

"உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

"எனக்கு இன்னிக்கு," என்றாள். "எங்க சோதனைக் கணினிக்கு ஆறு வருஷமாத் தெரியும். அது ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கு. நாங்கதான் காதுல போட்டுக்கல."

"எத்தனை தடவை சொல்லுச்சு?"

"இருநூத்திப் பதினோரு தடவை."

ஒலிபெருக்கியில் பாய்சாண்டு போகும் பஸ் புறப்படுகிறது என்று ஒரு பெண் அறிவித்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"எனக்கு ஒரு தடவைதான் ஆச்சு, சென்யோரா," என்றார். "அன்னிக்கே, ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே உங்களுக்கு எழுதிட்டேன்."